கரண்ட் போனாலும் ஓட வேண்டும்: டர்பனில் வெப் டிசைன் தொழிலுக்கு எந்தச் செயலி?

வெப் டிசைன் தொழிலுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று தேடினால் ஒப்பீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றை எழுதுகிறவர்களுக்கு வீட்டில் கரண்ட் எப்போதும் இருக்கிறது, நெட்டும் எப்போதும் இருக்கிறது. விலையை டாலரில் போட்டு 'மாதம் வெறும் 20 தான்' என்று முடித்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து, இந்த நாட்டு நாணயமான ரேண்டில் சம்பாதித்து, கோயில் கமிட்டிக்கும் டேக்அவே கடைக்கும் சைட் செய்து கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியல்கள் பாதிக் கிணறுதான் தாண்டும்.

லோட் ஷெட்டிங், அதாவது அட்டவணை போட்டுக் கரண்டை வெட்டுவது, இந்த நாட்டுக்குப் புதிதல்ல, 2008-லேயே எல்லோருக்கும் பழகிவிட்டது. 2023 பிப்ரவரியில் அரசாங்கம் மின்தட்டுப்பாட்டைத் தேசியப் பேரிடர் என்றே அறிவித்தது. அந்த வருஷம் கரண்ட் போகாத நாள்தான் அதிசயம். 2024 மார்ச் கடைசியில் நின்றது. பத்து மாதம் கழித்து, 2025 ஜனவரி கடைசியில், மறுபடி எட்டிப் பார்த்தது. இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் அரசு மின் நிறுவனமான எஸ்காம் நல்லபடியாக இருக்கிற நாளில் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று நகராட்சிப் பக்கத்திலிருந்து ஏதாவது வரும்.

நெட்டும் அப்படித்தான். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கரையோரம் கடலடி கேபிள்கள் நான்கு ஒரே நேரத்தில் அறுந்தன. அன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவைகள் தடுமாறின. இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, கிழக்குப் பக்கத்தில் சீகாம், ஈசி என்ற இரண்டு கேபிள்களும் பழுதாயின. இந்த இரண்டும் கரையேறுவது நம்ம குவாசூலு-நட்டால் மாகாணத்தில், டர்பனுக்கு வடக்கே இருக்கிற எம்டுன்சினியில். கேபிள் பக்கத்து ஊரிலேயே கரையேறினாலும் அது நடுக்கடலில் அறுந்தால் நமக்கு லாபமில்லை.

அதனால் என் அளவுகோல் கொஞ்சம் வேறு. நாலு பேர் சேர்ந்து கை வைக்க வேண்டிய வேலை நெட்டில் இருக்கட்டும். நான் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை என் லேப்டாப்பில் இருக்கட்டும். ஃபைல் என் கையில் இருக்கிறதா, சந்தாவை நிறுத்தினால் அது திறக்குமா என்பது அடுத்த கேள்வி. மூன்றாவது, பணம் எந்த நாணயத்தில் போகிறது. 2018 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 12 ரேண்ட். 2023 நடுவில் 19-ஐத் தாண்டியது. 20 டாலர் சந்தா ஒரு பைசா ஏறாமலே 240 ரேண்டிலிருந்து 380-க்கு மேல் போய்விட்டது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிற என் கஸ்டமரிடம் 'டாலர் ஏறிவிட்டது, மாதக் கட்டணத்தைக் கூட்டுகிறேன்' என்று சொல்ல முடியுமா? இது போதாதென்று வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்சேவைகள் 2014 ஜூன் முதல் இங்கே வாட் வரிக்குள் வந்துவிட்டன.

டிசைன்: இங்கேதான் தமிழ் உடையும்

என் வேலையில் ஒரு நல்ல பங்கு கோயில் வேலை. தைப்பூசக் காவடி, சித்திராப் பருவம், ஈஸ்டர் சமயத்துத் தீமிதி, ஆடி மாதக் கூழ் என்று வருஷம் முழுக்க நோட்டீஸும் சைட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கமிட்டியில் இருப்பவர்கள் 1860-இல் ட்ரூரோ கப்பலிலும் அதற்குப் பின்னால் வந்த கப்பல்களிலும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் நாலாம், ஐந்தாம் தலைமுறை. வீட்டில் ஆங்கிலம். ஆனால் நோட்டீஸின் தலைப்பு தமிழில்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பழைய விழா மலரின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தம்பி, இதே மாதிரி போட்டுரு" என்பார் செயலாளர் அங்கிள்.

எழுத்து உடைந்திருந்தால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு முழுக்க என்னுடையது. ஆகவே டிசைன் செயலியில் நான் முதலில் பார்ப்பது அதன் அழகையோ வேகத்தையோ அல்ல, தமிழை ஒழுங்காகக் கோக்கிறதா என்பதைத்தான்.

'வேல்' என்று தட்டினால் கணினியின் நினைவில் முதலில் வ, அதன் பின்னால்தான் ஏகாரக் குறி. திரையில் அது வகரத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். 'கோயில்' என்றால் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் போக வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஃபான்ட்டும் அந்தச் செயலிக்குள் இருக்கிற எழுத்து எந்திரமும் சேர்ந்து. எந்திரத்துக்கு அது தெரியாவிட்டால் வகரம் தனியாக, கொம்பு அதன் வலப்பக்கம் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். டர்பனில் அப்படி அச்சான பேனர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

புதிதாக எந்தச் செயலியை நிறுவினாலும் நான் முதலில் ஒட்டிப் பார்க்கிற வரி இது: 'ஸ்ரீ கௌரி லக்ஷ்மி வேலோடு கொலு'. அர்த்தத்தைத் தேடாதீர்கள். ஸ்ரீ ஒரே எழுத்தாகச் சேர்கிறதா, க்ஷ சேர்கிறதா, கொம்பு முன்னால் போகிறதா, ஒகரக் குறிகள் இரு பக்கமும் பிரிகின்றனவா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 'கௌரி'யை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக கெ போட்டு ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சைட்டில் தேடினால்தான் கௌரி கிடைக்கமாட்டாள்.

அடோபியிலிருந்து தொடங்குவோம். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் தமிழ் சரியாக வரும், ஆனால் எல்லாப் பதிப்பிலும் தானாக வராது. பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழி வசதியை இயக்கி, பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' கம்போஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடைந்த பேனர்களில் பாதிக்கு இந்த ஒரு டிக் இல்லாததுதான் காரணம் என்பேன். மீதிப் பாதிக்குக் காரணம் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்: அதில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

அடோபியின் உண்மையான சிக்கல் பணம். 2013-இல் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் முறையைக் கைவிட்டு முழுக்கச் சந்தாவுக்குப் போனார்கள். வருஷ ஒப்பந்தத்தை மாதாமாதம் கட்டும் திட்டத்தில் சேர்ந்துவிட்டு நடுவில் வெளியேறினால் அபராதம் உண்டு. இதை மறைத்தார்கள் என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் வழக்குப் போட்டது. நெட் விஷயத்தில் மட்டும் அடோபியைக் குறை சொல்ல மாட்டேன். செயலி உங்கள் கணினியிலேயே ஓடும். வருஷச் சந்தாக்காரர்கள் 99 நாள் வரை நெட்டே இல்லாமலும் ஓட்டலாம்.

ஃபிக்மா இதற்கு நேர் எதிர். அது பிறந்ததே பிரவுசரில். சைட்டின் அமைப்பை வரைந்து கஸ்டமரிடம் காட்ட இதைவிட வசதியான ஒன்று எனக்குத் தெரியாது. ஒரு லிங்க் அனுப்பினால் போதும், அவர் போனில் திறந்து, எந்த இடம் பிடிக்கவில்லையோ அங்கேயே குறிப்பு எழுதிவிடுவார். தமிழும் ஒழுங்காக வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற கூகுள் ஃபான்ட்கள் கையோடு கிடைக்கின்றன. கரண்ட் போனால்? திறந்திருக்கிற ஃபைலில் வேலையைத் தொடரலாம், நெட் வந்ததும் சேர்ந்துகொள்ளும். திறக்காத ஃபைலை மட்டும் திறக்க முடியாது. ஆகவே லோட் ஷெட்டிங் அட்டவணையைப் பார்த்து, வேண்டிய ஃபைலை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வது இங்கே பழக்கமாகிவிட்டது. அதற்கென்றே இங்கே உருவான எஸ்காம்-சே-புஷ் செயலி இல்லாத போன் இந்த ஊரில் அபூர்வம்.

அடோபி 2022-இல் ஃபிக்மாவை 20 பில்லியன் டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டன் கட்டுப்பாட்டாளர்கள் இடையில் நின்றதால் 2023 டிசம்பரில் கைவிட்டது. வாங்கியிருந்தால் இந்தப் பத்தியே வேறு மாதிரி இருந்திருக்கும். நாளைக்கு இன்னொருவர் வாங்கலாம் என்ற பயம் உள்ளவர்களுக்கு பென்பாட் இருக்கிறது. திறந்த மூல நிரல், சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் ஃபிக்மாவை விடவில்லை, ஆனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஃபைலின் நகலையும் இறக்கி வைத்துவிடுகிறேன்.

கேன்வாவைப் பற்றி டிசைனர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. டேக்அவே கடைக்காரருக்குப் புரட்டாசி வந்தால் மெனு மாற வேண்டும்: மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு, டர்பனின் உணவு) போய் பீன்ஸ் பன்னி சௌ வரும், ஒரு மாதம் கழித்துத் திரும்ப மாறும். இதற்கு ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டால் அவருக்கும் செலவு, எனக்கும் தலைவலி. கேன்வாவில் ஒரு டெம்ப்ளேட் செய்து, விலையையும் படத்தையும் மட்டும் மாற்றும்படி கொடுத்துவிட்டால் கடையில் இருக்கிற பெண்ணே போனில் மாற்றிவிடுவாள். தமிழ் ஃபான்ட்களும் அதில் இருக்கின்றன. சிலவற்றில் எழுத்து இடைவெளி கேவலமாக இருக்கும், பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெட் இருந்தால்தான் முழுசாக உதவும் என்பது உண்மை. ஆனால் இது பலர் கை வைக்கிற வேலை, ஆகவே நெட்டில் இருப்பதுதான் முறை.

அஃபினிட்டி ஒரு காலத்தில் எனக்கு ஆசையாக இருந்தது: ஒரே தடவை பணம், சந்தா இல்லை, வேகம். 2024-இல் அதைத் தயாரித்த செரிஃப் நிறுவனத்தையே கேன்வா வாங்கியது. அதன் இரண்டாம் பதிப்பு வரை இந்திய எழுத்துகளை அது கோக்கவே கோக்காது. என் சோதனை வரி முதல் சொல்லிலேயே சிதறிவிடும். ஆங்கில லோகோ மட்டும் செய்பவர்களுக்குத் தடையில்லை.

இலவசமாகக் கிடைப்பவற்றில் இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் தமிழை எந்த டிக்கும் கேட்காமல் சரியாகக் காட்டும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் உள்ளே இருக்கிற அதே ஹார்ஃப்பஸ் எந்திரம்தான் இவற்றிலும். குறை அச்சுக்குப் போகும்போது தெரியும்: அச்சகம் நாலு நிறப் பிரிப்பில் பிடிஎஃப் கேட்கும், இங்க்ஸ்கேப் அதில் பலவீனம். அந்த வேலைக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க அமைப்புச் செயலியில் கொண்டுபோய் முடிக்கலாம். எதில் செய்தாலும் அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். அங்கே இருக்கிற கணினியில் உங்கள் தமிழ் ஃபான்ட் இருக்காது. அது வேறொன்றை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது.

சைட் வேலை மட்டும் என்றால் ஃபிக்மாவும் கேன்வாவும் போதும். அச்சு வேலை மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றால் இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும். அச்சு வேலையே சோறு போடுகிறது என்றால் அடோபிக்குப் பணம் கட்டுங்கள், புலம்பாமல்.

கோடும் கடையும்

கோடு, அதாவது நிரல், எழுத விஎஸ் கோட். 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, இலவசம், இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. பழைய லேப்டாப்பில் அது மூச்சு வாங்கினால் சப்ளைம் டெக்ஸ்ட்: 99 டாலர் ஒரே தடவை, பூப்போல இருக்கும். கரண்ட் போய் டெஸ்க்டாப் சட்டென்று அணைந்தாலும் சேவ் செய்யாத ஃபைலை இரண்டுமே அடுத்த முறை திருப்பிக் கொடுத்துவிடும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் கூட 7 விநாடிக்கு ஒரு தடவை நகல் எடுத்து வைக்கும்.

சைட்டை எதில் கட்டுவது என்பதுதான் கஸ்டமரின் பணத்தைத் தொடுகிற முடிவு. விக்ஸில் கட்டினால் சீக்கிரம் முடியும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே கட்டிய சைட்டை எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போக முடியாது. வாடகை வீட்டில் டைல்ஸ் பதித்த கதைதான். வேர்ட்பிரஸ் என்றால் லேப்டாப்பிலேயே, நெட் இல்லாமல், முழு சைட்டையும் ஓட்டிப் பார்க்கலாம். எக்ஸாம்ப் பழைய வழி; லோக்கல் என்ற செயலி புதியவர்களுக்குச் சுலபம். இரண்டு மணி நேர லோட் ஷெட்டிங்கில் பேட்டரியை வைத்துக்கொண்டே ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, கரண்ட் வந்ததும் ஏற்றிவிடலாம்.

ஆன்லைன் கடை என்றால் போட்டி ஷாப்பிஃபைக்கும் வேர்ட்பிரஸில் ஓடும் வூகாமர்ஸுக்கும். ஷாப்பிஃபை கவலை இல்லாதது, அப்டேட் பார்க்க வேண்டாம், ஹேக் பயம் குறைவு. ஆனால் மாதக் கட்டணம் ஒரு பக்கம். பேஃபாஸ்ட் மாதிரி வெளியார் கேட்வே (வாங்குபவரின் பணத்தைப் பெற்றுத் தரும் சேவை) வைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2% தனியாகப் போகும். வூகாமர்ஸில் அந்த வெட்டு இல்லை. அதைத் தொடங்கிய வூதீம்ஸுக்கும் கேப் டவுனுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நிறுவனர் மூவரில் இருவர் தென்னாப்பிரிக்கர்கள், 2015-இல்தான் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அதனாலோ என்னவோ இந்த நாட்டுக் கேட்வேக்கும் கூரியருக்கும் ப்ளக்இன் தேடினால் ஏமாற்றமில்லை.

மசாலாப் பொடியும் ஊறுகாயும் விற்கிற ஒரு ஆன்ட்டிக்கு எதைச் சொல்வேன்? மாதாமாதம் சைட்டைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சின்னத் தொகை தரச் சம்மதம் என்றால் வூகாமர்ஸ். 'ஒருதடவை செஞ்சு குடுத்துட்டுப் போயிரு' என்றால் ஷாப்பிஃபை. கவனிக்க ஆளில்லாத வேர்ட்பிரஸ் சைட், பூட்டாத கடை. ஆறு மாதத்தில் யாராவது உள்ளே புகுந்து மருந்து விற்பார்கள்.

பிரவுசரில் எனக்கு இரண்டும் வேண்டும். கஸ்டமர்கள் பார்ப்பது குரோமில், ஆகவே சோதனை அங்கே. ஆனால் கிரிட் அமைப்பைப் பிரித்துப் பார்க்கவும், ஒரு வரியில் எந்த ஃபான்ட் உண்மையில் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ஃபயர்ஃபாக்ஸின் கருவிகள் எனக்குக் கைவந்துவிட்டன. தமிழில் இது முக்கியம்: நீங்கள் கேட்ட ஃபான்ட் இறங்காமல் விண்டோஸ் தன் நிர்மலாவையோ லதாவையோ போட்டுக் காட்டி உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கும்.

பிரவுசர் என்றதும் ஒரு பழைய கதை. 2020 கடைசியில், பிரவுசருக்குள் ஓடிய பழைய அடோபி ஃபிளாஷ் மூடப்பட்டபோது நம் வருமான வரித் துறையான சார்ஸின் சில படிவங்கள் இன்னும் ஃபிளாஷில் இருந்தன. படிவத்தை மாற்றி முடிப்பதற்குள் நாள் வந்துவிட்டது. 2021 ஜனவரியில் அவர்கள் செய்தது, ஃபிளாஷ் ஓடுகிற தனி பிரவுசர் ஒன்றையே வெளியிட்டார்கள்! உலகமே சிரித்தது. அந்தச் சமயத்தில் வரி கட்ட வேண்டியிருந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கணக்கு

தனி ஆளாகத் தொழில் செய்கிற வரை எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் போதும் என்று பலர் சொல்வார்கள். மாதம் நாலைந்து இன்வாய்ஸ் என்றால் நானும் அதையே சொல்வேன். ஒரு நிபந்தனை: வாட் விகிதத்தை ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் 15% என்று எழுதாமல் ஒரே கட்டத்தில் வைத்து, மற்றவை அதைப் பார்க்கும்படி செய்யுங்கள். 2025-இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மே 1 முதல் 15.5% என்றார்கள், கடைசி வாரத்தில் இல்லை, 15% தான் என்று திரும்பப் பெற்றார்கள். கடைகளின் பில்லிங் எந்திரத்தை மாற்றி, திரும்ப மாற்றி, ஊரே அல்லாடியது. கட்டம் ஒன்றில் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு விநாடி வேலை.

இன்வாய்ஸ் கூடினால் தனிச் செயலிக்குப் போங்கள். இங்கே கணக்காளர்களுக்குக் கை பழகியது பாஸ்டல். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 2003-இல் பிரிட்டனின் சேஜ் கைக்குப் போனது. ஸீரோ (Xero) என்ற செயலி பார்க்க அழகு, பேங்க் கணக்கை இழுத்துக்கொண்டு வந்து பொருத்தும். நம்ம சென்னை ஸோஹோவின் புக்ஸும் இங்கத்து வாட் முறைக்கு ஏற்ப வருகிறது. ஸோஹோ இன்வாய்ஸ் இலவசம். இவற்றில் எது சிறந்தது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உங்கள் கணக்காளர் எதைத் திறந்து பார்ப்பாரோ அதுதான் சிறந்தது. வருஷக் கடைசியில் அவருக்கு மாற்றிக் கொடுக்கிற கூலி, நீங்கள் சந்தாவில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

கணக்கு நெட்டில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் என்னோடு கணக்காளரும் கை வைக்கிறார். இன்வாய்ஸ்களை மட்டும் மாதம் ஒருமுறை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறேன். சார்ஸ் ஐந்து வருஷம் வரை ஆவணம் கேட்கலாம். அதற்குள் எந்தச் செயலி இருக்கும், எது போகும் என்று யார் கண்டது?

ஃபைல் எங்கே இருக்கிறது

இலவச இடம் கூகுள் டிரைவில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2. இதை மட்டும் பார்த்தால் டிரைவ்தான் என்று தோன்றும். ஆனால் எங்கள் வேலையில் ஃபைல் பெரிது. 400 எம்பி ஃபோட்டோஷாப் ஃபைலில் ஒரு சின்ன எழுத்தைத் திருத்தினால் முழு ஃபைலையும் மறுபடி ஏற்றுகிற சேவையா, மாறிய துண்டை மட்டும் ஏற்றுகிற சேவையா என்பது டேட்டா வாங்கி ஓட்டுகிறவருக்குப் பெரிய வித்தியாசம். டிராப்பாக்ஸ் துண்டுகளாக ஏற்றும். ஒரே வீட்டில் இரண்டு கணினி இருந்தால் வெளியே போகாமல் உள் நெட்வொர்க்கிலேயே பரிமாறிக்கொள்ளவும் செய்யும். சந்தாவே வேண்டாம் என்றால் சின்க்திங்: இலவசம், கிளவுடே இல்லாமல் உங்கள் கணினிகளுக்கு இடையே நேராக ஓடும். அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எதுவானாலும் சின்க் (எல்லா இடத்திலும் ஃபைலை ஒன்றுபோல வைப்பது) வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதுதான் சின்க்கின் வேலை. அதனால் பழைய 3-2-1 முறையையே பிடித்துக்கொள்கிறேன்: மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்பதை இந்த ஊரில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனைச் சுற்றி நானூறுக்கு மேல் உயிர்கள் போயின. வீடும் அலுவலகமும் கடையும் போனவர்கள் எத்தனையோ பேர். அலமாரியில் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்க், கணினியோடு சேர்ந்தே நனையும்.

கையில் இருக்கிற முதல் ஆயிரம் ரேண்டை இதில் எந்தச் செயலிக்கும் கொடுக்காதீர்கள். ரௌட்டருக்கு ஒரு சின்ன டிசி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் அதை ஓட்டுகிற பேட்டரி, வாங்குங்கள். வாங்கும்போது ரௌட்டருக்கு மட்டும் பார்த்துவிட்டு, சுவரில் ஃபைபர் வந்து சேர்கிற அந்தச் சின்னப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். அதற்கும் கரண்ட் வேண்டும். இரண்டின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். டவர் பேட்டரியை நம்பி மொபைல் டேட்டாவில் இருக்கலாம் என்றால், நீளமான வெட்டில் அதுவும் தீர்ந்துவிடும்.

கஸ்டமரோடு பேசுவது

மெயிலா வாட்ஸ்அப்பா என்று ஒப்பிட ஆசைதான், ஆனால் இங்கே அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப். அதுவும் வாய்ஸ் நோட். "தம்பி, ஒரு சின்ன சேஞ்ச்தான்" என்று தொடங்கி மூன்று நிமிஷம் ஓடும், நடுவில் பின்னணியில் நாதஸ்வரம் வேறு. தனி நம்பரில் வாட்ஸ்அப் பிஸினஸ் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஒவ்வொரு கஸ்டமருக்கும் லேபிள் ஒட்டலாம். லோகோவைப் போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்; போட்டோவாக வந்தால் அது நசுங்கி வரும்.

விலை, சம்மதம், இறுதி வடிவம் இந்த மூன்று மட்டும் மெயிலில் நடக்கட்டும். வாய்ஸ் நோட்டில் சொன்ன திருத்தத்தை நானே நாலு வரியாக எழுதி அனுப்பி 'சரி' என்று ஒரு பதில் வாங்கிக்கொள்வேன். மெயிலுக்கு ஜிமெயிலின் ஆஃப்லைன் வசதி 90 நாள் வரையிலான கடிதங்களைத்தான் வைத்திருக்கும். தண்டர்பேர்டில் எல்லாக் கடிதமும் லேப்டாப்பில் இருக்கும், கரண்ட் இல்லாத மத்தியானத்தில் போன வருஷத்துக் கடிதத்தைத் தேட வேண்டுமானால் அதுதான் உதவும்.

குறிப்பெடுக்க அப்சிடியன். நோஷன் அழகுதான், ஆனால் ஆஃப்லைன் வசதியே 2025-இல்தான் அதற்கு வந்தது. அப்சிடியனின் குறிப்புகள் சாதாரண எழுத்து ஃபைல்கள். செயலி போனாலும் நோட்பேடில் திறக்கும். இதில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் என் சொந்த விதியையே நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். என்னுடையவை கீபாஸ் எக்ஸ்சியில், ஒரே ஃபைலாக, என் லேப்டாப்பில். கஸ்டமருடையவை பிட்வார்டனில், நெட்டில், அவர்களோடு பகிர்ந்து. டொமைன், ஹோஸ்டிங், கேட்வே மூன்றையும் அவர்கள் பெயரிலேயே வாங்கி, சாவியை இரண்டு பேரும் வைத்திருப்போம். கோயில் கமிட்டி என்றால் அங்கிளின் சொந்த மெயிலில் எதையும் திறக்கக் கூடாது. வருஷப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறுவார், மாறியவருக்கும் போனவருக்கும் பேச்சுவார்த்தை இருக்குமா என்று முருகனுக்குத்தான் தெரியும். செயலாளர், பொருளாளர் என்று பதவியின் பெயரில் கோயில் டொமைனிலேயே மெயில் திறந்து, எல்லாக் கணக்கையும் அதில் கட்டிவிடுங்கள். உறுப்பினர் பட்டியலும் நன்கொடையாளர் நம்பர்களும் அதற்குள்தான் இருக்க வேண்டும். 2021 ஜூலையிலிருந்து போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பட்டியலுக்கு கமிட்டிதான் பொறுப்பு. புதிய செயலாளர் வந்த அன்றைக்கு மெயிலின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது.